ஜெயிக்கிற அணி மேல் கட்டிய பணம்

135 ஆட்டங்கள், 135 தோல்விகள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மார்ச் மாதப் போட்டியில், தரவரிசையில் 16-ஆம் இடம் பெற்ற ஆண்கள் அணி எதுவும் முதலிட அணியை 1985 முதல் வென்றிருக்கவில்லை. 2018 மார்ச் 16 அன்று, சார்லட் நகரில் அந்தக் கணக்கு உடைந்தது. நாட்டிலேயே மிகக் குறைவான புள்ளிகளை விட்டுக்கொடுத்துவந்த அணி வர்ஜீனியா. அதை எதிர்த்து ஆடியது மேரிலாண்ட் மாநிலத்தின் யுஎம்பிசி பல்கலைக்கழக அணி. வர்ஜீனியா இருபது புள்ளிக்கு மேல் ஜெயிக்கும் என்றார்கள் பந்தயம் நடத்துபவர்கள். இடைவேளையில் 21-21. இரண்டாம் பாதியில் மட்டும் யுஎம்பிசி 53 புள்ளிகள் குவித்தது. முடிவு 74-54. வித்தியாசம் இருபதுதான், ஜெயித்தது மட்டும் எதிரணி!

அடுத்த ஆண்டே வர்ஜீனியா கோப்பையை வென்றது. ஆக, அது நல்ல அணி என்ற மதிப்பீட்டில் பிழை இல்லை. நல்ல அணி என்பதால் அதன் மேல் பணம் கட்டலாம் என்று நினைத்ததில்தான் பிழை.

கணக்கு எளிது. ஒரு டாலர் லாபத்துக்கு 20 டாலர் கட்டச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது தரம் ஜெயித்துச் சேர்த்த லாபத்தை ஒரே தோல்வி துடைத்துவிடும். நூற்றுக்கு 95 தரத்துக்கு மேல் ஜெயித்தால்தான் போட்ட பணமாவது மிஞ்சும். பலமான அணி ஜெயிக்கும் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்ததற்கான விலையை முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள்.

வெற்றி தோல்வியை விட்டு, புள்ளி வித்தியாசத்தின் மேல் கட்டும் முறையும் உண்டு. உதாரணமாக, பலமான அணி 20 புள்ளிக்கு மேல் ஜெயித்தால்தான் பணம். வழக்கமாக 100 டாலர் லாபத்துக்கு 110 டாலர் கட்ட வேண்டும். 21 ஆட்டங்களில் 11-ஐச் சரியாகச் சொன்னால் போட்ட பணம் மட்டும் திரும்பும். ஆனால் 25 புள்ளி முன்னிலையில் இருக்கும் பயிற்சியாளர், கடைசி நிமிடங்களில் முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிட்டு மாற்று ஆட்டக்காரர்களை இறக்குவார். எதிரணி நாலைந்து கூடை போடும். அரங்கில் யாருக்கும் கவலை இல்லை. பணம் கட்டியவருக்கு மட்டும் எல்லாம் போயிற்று.

இந்த முறையின் கொடிய பக்கம் வேறு. ஆட்டக்காரர் தன் அணியைத் தோற்கடிக்க வேண்டியதில்லை. 20 புள்ளியில் ஜெயிக்க வேண்டியதை எட்டில் ஜெயித்தால் போதும், சூதாட்டக் கும்பலுக்கு லாபம். "ஜெயித்துக்கொண்டுதானே இருக்கிறோம்" என்று மனசாட்சிக்கும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். 1950-இல் நாட்டின் இரண்டு பெரிய கோப்பைகளையும் ஒரே பருவத்தில் வென்றது நியூயார்க் சிட்டி காலேஜ். 1951-இல் அதன் ஆட்டக்காரர்கள் இதே குற்றத்துக்காகக் கைதானார்கள். விசாரணை விரிந்தபோது ஏழு கல்லூரிகள் சிக்கின. பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களைத் தேடிப் பணத்தோடு போனவர்கள் பெரியவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

வர்ஜீனியா தோற்ற இரண்டே மாதத்தில், 2018 மே 14 அன்று, விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்துவைத்திருந்த சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. இன்று சில மாநிலங்களில் கைபேசியிலேயே, ஒரு மாணவன் எத்தனை புள்ளி எடுப்பான் என்றுகூடக் கட்டலாம். பந்தயத்தில் தோற்றவர்களின் வசவும் மிரட்டலும் அந்த மாணவனின் கைபேசிக்கே போகின்றன. தனி மாணவர் மேல் கட்டும் பந்தயங்களைத் தடைசெய்யுங்கள் என்று கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ-வின் தலைவர் சார்லி பேக்கர் 2024-இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். ஓஹையோ, மேரிலாண்ட், லூசியானா போன்ற மாநிலங்கள் தடைசெய்துவிட்டன. இன்னும் தடைசெய்யாத மாநிலங்களும் தாமதிக்காமல் செய்ய வேண்டும்.