விஞ்ஞானத்தைச் சமூகக் கண்கொண்டு கற்றல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



உயர்கல்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தார்கள். இத்தகைய மேடைகளில் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்பனவற்றைப் புகழ்ந்து பேசுவது வழக்கம். அவற்றைப் பற்றிச் சொல்வதற்குப் பலர் உளர். ஆகையால், நம்மவர் பலர் பெயரைத்தானும் கேட்டிராத ஒரு கல்வித்துறையை இன்று அறிமுகஞ் செய்ய விரும்புகிறோம். விஞ்ஞானமும் தொழினுட்பமும் சமூகத்தில் எவ்வாறு பிறக்கின்றன, யார் கையில் வளர்கின்றன, யாருக்கு நன்மையும் யாருக்குத் தீமையும் செய்கின்றன என்று ஆராயும் துறை அது.

முதலில் நமது தவறொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி நம்மிடம் வந்தார். தந்தையார் கரைவலைத் தொழிலாளி. மருத்துவ பீடத்துக்கு வேண்டிய வெட்டுப்புள்ளி அவருக்குக் கிட்டவில்லை. அவர் கேட்டார்: “ஐயா, முந்தி முப்பது பேர் இழுத்த வலையை இப்ப உழவு மெசினில பூட்டின வின்ச் இழுக்குது. அந்த ஆக்கள் எங்க போனவை, சம்மாட்டிக்கும் அவைக்கும் பங்கு எப்பிடி மாறினது எண்டு படிக்கிற படிப்பு ஒண்டு இருக்கோ?” நாம் சிரித்துவிட்டு, “பிள்ளை, அது படிப்பல்ல, ஊர்க்கதை. மறுமுறை சோதனை எழுது” என்று அனுப்பிவிட்டோம். அவர் மறுமுறையும் எழுதினார், புள்ளி போதவில்லை. இன்று பட்டினத்தில் ஒரு கடையிலே வேலை செய்கிறார். அவர் கேட்ட கேள்வியை ஆராய்வதற்கென்றே உலகத்தில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் பின்னரே அறிந்தோம். அறியாமை அவருடையதன்று, நம்முடையது.

அன்பர்களே, இக்கல்விக்கு வேண்டிய பொருள் நம் வாசலிலேயே கிடக்கிறது. சீனக்குடாவிலே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைக் காணாதவர் நம்மில் இல்லை. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அவற்றுள் ஒன்று அழிந்தது; இன்று எஞ்சியுள்ளவை 99. 2022 சனவரியில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அவற்றுள் 61 தாங்கிகள் ஒரு கூட்டு நிறுவனத்துக்குச் சென்றன. அதில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதமும், இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 49 வீதமும் பங்குண்டு. தாங்கியின் இரும்பையும் கனத்தையும் பொறியியலாளர் அளப்பார். ஏகாதிபத்தியக் கப்பற்படைக்காக எழுந்த இரும்பு ஏன் இன்றும் நாடுகளின் பேரத்துக்குப் பொருளாய் நிற்கிறது, அதைச் சூழ வாழ்பவர்க்கு அப்பேரத்தில் என்ன குரலுண்டு என்று அளப்பவர் யார்? அவரே நாம் கூறும் துறையினர்.

கந்தளாய்க்குச் செல்வோம். குளக்கோட்ட மன்னனோடும் கோணேசர் ஆலயத்தோடும் அக்குளத்தைச் சேர்த்துப் பேசுவது நம் மரபு. குளமென்பது வெறும் மண்ணணை அன்று. அதைக் காப்பதற்குரிய கடமைகளும் உரிமைகளும் சேர்ந்ததே குளம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலையில் அவ்வணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அணையின் உள்ளே நீர் எவ்வாறு கசிந்தது என்பது பொறியியற் கேள்வி. ஓர் அணையைப் பார்ப்பது எவர் கடமை, கசிவைக் கண்ட குடியானவன் சொல்லுக்குக் காரியாலயத்தில் என்ன மதிப்பு, எச்சரிக்கை எவ்வழியாக மேலே செல்கிறது என்பன சமூகக் கேள்விகள். இவ்விரு வகைக் கேள்விகளில் ஒன்றை விட்டு மற்றதைக் கற்றால் கல்வி பாதியிலே நிற்கும்.

இன்னுமோர் உதாரணம். 1934, 35 ஆம் ஆண்டுகளில் இலங்கையை வாட்டிய மலேரியாவினால் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். 1946 முதல் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963 இலே நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். நோய் ஒழிந்ததென்று தெளிப்பு நிறுத்தப்பட்டது. ஆனால் 1968, 69 இல் அது திரும்பி வந்து இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. 17 என்ற எண் பொய்யன்று. அந்த எண்ணிக்கை அதிகாரிகளுக்கு அளித்த நிம்மதியே பொய்யாயிற்று. காடு வெட்டிச் சேனை செய்யப் போனவர்களும், கண்காணிப்புக்கு எட்டாத ஊர்களும் அக்கணக்கில் எந்த அளவுக்கு இருந்தனர் என்று கேட்பதற்குச் சமூக ஆராய்ச்சி வேண்டும். பின்னர் பல்லாண்டு உழைத்து 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடென்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடம் நாம் பெற்றோம். இவ்வெற்றியில் மருந்துக்கு எவ்வளவு பங்கோ, வீடு வீடாகச் சென்ற ஊழியருக்கும் அவ்வளவு பங்குண்டு.

சம்பூரை மறக்கலாமா? 2006 இல் போர் காரணமாக அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அந்த நிலத்திலே 500 மெகாவாட் நிலக்கரி மின்னிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. மக்களும் சூழலியலாளரும் எதிர்த்தனர். 2016 இல் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்னிலையத்துக்குத் தொடக்க விழா நடந்தது. நிலக்கரியிலும் சூரியன் தூய்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மேய்ச்சல் நிலம், வயல், ஊருக்கு வரும் வேலை, மின்சாரம் என்பவற்றின் பங்கீடு எவ்வாறு என்ற கேள்வி எரிபொருள் மாறியதனால் மட்டும் தீர்ந்துவிடாது.

இக்கல்வி எங்கே தோன்றியது என்று கேட்பீர்கள். அமெரிக்க சமூகவியலாளர் றொபேட் மேர்ட்டன் 1938 இல் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் விஞ்ஞானத்தையும் சமூகத்தையும் சேர்த்து ஆராய்ந்தார். தோமஸ் கூன் 1962 இல் விஞ்ஞானப் புரட்சிகளின் அமைப்பைப் பற்றி எழுதிய நூல் பெருஞ் சிந்தனையைக் கிளப்பியது. 1966 அளவில் எடின்பறோவிலே இதற்கெனத் தனிப்பிரிவொன்றும், சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானக் கொள்கை ஆராய்ச்சி நிலையமொன்றும் எழுந்தன.

இவற்றோடு நமக்குத் தொடர்பில்லை என்று எண்ணவேண்டா. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து உழவர் கலப்பினச் சோள விதையை எவ்வாறு ஏற்றுக்கொண்டனர் என்று பிறைஸ் றையன் என்பவர் நீல் குறொஸ் என்பாரோடு சேர்ந்து ஆராய்ந்து 1943 இல் வெளியிட்டார். புதிய தொழினுட்பம் ஒரு சமூகத்தில் பரவும் விதத்தைக் காட்டிய முன்னோடி ஆய்வு அது. அதே றையனே 1940களின் பிற்பகுதியில் இங்கு வந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் சமூகவியற் பேராசிரியரானார். ஆகவே விதை நம் நாட்டில் அன்றே விழுந்தது. கரைவலை மாணவியின் கேள்வி அந்தச் சோள விதைக் கேள்விக்கு உடன்பிறப்பே. பின்னாளில் இலங்கையரான சுசந்த குணதிலக்க, மூன்றாம் உலக நாடுகளில் விஞ்ஞானச் சிந்தனை ஏன் முளையிலே கருகுகிறது என்று 1984 இல் ஒரு நூலெழுதினார்.

இனி வழிகளைக் கூறுவோம். நம் நாட்டில் இத்துறை இன்னும் ஆழ வேரூன்றவில்லை. ஆதலால் பக்கத்து வாயிலால் நுழைய வேண்டும். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் சமூகவியல் அல்லது சமூக விஞ்ஞானம் பயிலலாம். வரலாறு, புவியியல், பொருளியல் என்பனவும் தகுந்த அடிப்படையே. நம் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞானமும், தொடர்பாடலும் வணிகமும், சித்த மருத்துவமும் அருகருகே கற்பிக்கப்படுகின்றன. சித்த வைத்தியரின் அனுபவ அறிவு எப்போது விஞ்ஞானமென்று ஏற்கப்படுகிறது, எப்போது மறுக்கப்படுகிறது என்று ஆராய அதனினும் ஏற்ற இடம் வேறெது?

விஞ்ஞானப் பிரிவில் பயின்றவர்கள் தம் படிப்பு வீணாகுமென்று அஞ்சவேண்டா. முதற்பட்டத்தை விஞ்ஞானத்திலோ பொறியியலிலோ பெற்று, முதுமாணிக்கு இத்துறைக்கு மாறியோர் உலகெங்கும் உளர். கடலின் உயிரியலை அறிந்தவனே மீன்பிடிச் சட்டத்தைத் தெளிவாக வினாவ முடியும்.

அயல்நாடான இந்தியாவிலே புதுதில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானக் கொள்கை ஆய்வு மையமும், ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்தில் அறிவு, பண்பாடு, புத்தாக்கம் பற்றிய மையமும் உள்ளன. இலங்கை மாணவர்க்கென இந்திய அரசு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலையும் மௌலானா அசாத் புலமைப்பரிசிலையும் வழங்கி வந்திருக்கிறது. கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகத்தின் அறிவித்தல்களைக் கவனித்து வாருங்கள். எடின்பறோ, சசெக்ஸ், ஒல்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் முதலிய இடங்களில் முதுமாணிப் படிப்பும் கலாநிதி ஆய்வும் உண்டு. பொதுநலவாயப் புலமைப்பரிசில் போன்றவற்றுக்குப் போட்டி கடுமைதான். ஆங்கிலத்தை இன்றே தேறத் தொடங்கினால் அது எட்டாக் கனியன்று.

“இதைப் படித்தால் உத்தியோகம் கிடைக்குமா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. மருத்துவப் பட்டம்போல இது நியமனத்தைக் கையிற் கொண்டு வராது. பொய் சொல்ல மாட்டோம். எனினும் விரிவுரைத் தொழில், திட்டமிடற் செயலகம், சூழல் மதிப்பீடு, அனர்த்த முகாமைத்துவம், பத்திரிகைத் துறை ஆகியவற்றில் இவ்வறிவுக்கு இடமுண்டு. அதற்கும் மேலாக, நம் துறைமுகத்தையும் குளத்தையும் கடலையும் பற்றி எழுதப்படும் அறிக்கைகளைப் பிறர் எழுத நாம் கையொப்பமிடும் நிலை மாறவேண்டாமா?

இளைஞர்களே, பட்டம் பெறும்வரை காத்திராமல் இவ்வாண்டே ஒரு சிறு முயற்சியைத் தொடங்குங்கள். சல்லி, நிலாவெளி, குச்சவெளி, மூதூர்க் கரைகளிலே முதிய தொழிலாளரைக் கண்டு, பருத்தி வலை நைலோன் ஆனதும், தோணிக்கு யந்திரம் பூட்டியதும், பங்கு மாறியதும் எவ்வாறென்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் மறைந்தால் அச்சான்றும் மறையும். சங்கத்து வாசிகசாலையில் அவ்வேடுகளுக்கு ஓர் அலுமாரியை ஒதுக்குமாறு தலைவரவர்களை வேண்டுகிறோம்.

இறுதியாக ஒன்று. சென்ற மாதம் அந்த மாணவியைக் கடையிலே கண்டு, நாம் சொன்னது தவறென்று கூறி, திறந்த பல்கலைக்கழகத்தின் சமூக விஞ்ஞானப் பட்டப்படிப்பு விவரங்களைக் கையிற் கொடுத்தோம். அவர் வாங்கி, இலாச்சியில் வைத்துவிட்டு, “யோசிச்சுச் சொல்லுறன் ஐயா” என்றார். அவர் என்ன முடிவு செய்தாலும் அது அவர் உரிமை. ஆனால் இனி ஒரு பிள்ளை அத்தகைய கேள்வியோடு நம் முன் வந்தால் நாம் சிரிக்க மாட்டோம். நீங்களும் சிரியாதீர்கள் என்று கேட்டு அமைகிறோம்.