மிஸ்ஸிங் அடிக்கும் பழைய கார்: பிரிப்பதற்கு முன் பாருங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பி பிளாக் தூணோரம் நிற்கும் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சென்ற கூட்டத்தில் அதன்மேல் மூன்று புகார்கள் வந்தன. வெளியே போய்த் திரும்பும்போது டப் டப் என்று வெடிக்கிறது. கேட் அருகே வந்து நின்றுவிடுகிறது. வாட்ச்மேன் தள்ளித்தான் உள்ளே வருகிறது. பழைய இரும்புக்குப் போட்டால் ஒரு பார்க்கிங் மிச்சமாகும் என்று ஓர் அன்பர் சொன்னார். காருக்கு உரிய அம்மா அன்று பதில் பேசவில்லை. அவருடைய கணவர் நாற்பது வருடம் கைவிடாமல் ஓட்டிய வண்டி அது. எஞ்சினை இறக்க வேண்டும், 60,000 ரூபாய் ஆகும் என்று ஒரு மெக்கானிக் சொல்லியிருந்ததால், அவரும் விற்றுவிடும் முடிவுக்கு வந்திருந்தார்.

இன்று அந்த வண்டி சத்தமில்லாமல் போய் வருகிறது. எஞ்சினை யாரும் இறக்கவில்லை. மாற்றியது சுண்டுவிரல் அளவுள்ள ஒரு கண்டென்சரையும் பாயின்ட்டையும் மட்டும்தான். அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் மெக்கானிக் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் பழைய வண்டியில் குறை தேடுவதும், டாலி ஆகாத கணக்கில் பிழை தேடுவதும் ஏறக்குறைய ஒரே வேலைதான்.

முதலில் இந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு 1959-ல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியர் ஜொவான்னி மிக்கெலோட்டி. நம் நாட்டில் சென்னையை அடுத்த வண்டலூர் தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே குடும்பத்து எஞ்சினோடு 1962-ல் வந்ததுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆகவே நம் தூணோரம் நிற்பது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு. இரண்டிலும் பானெட், மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். எஞ்சின் முழுவதும் கண்ணெதிரே இருக்கும். குறை தேட இதைவிட வசதியான வண்டி கிடையாது.

இனி, தீப்பொறி எப்படி வருகிறது என்று பார்ப்போம். பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்க அது போதாது. ஆயிரக்கணக்கில் வோல்ட் வேண்டும். அந்த வேலையைக் காயில் செய்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்த சக்தி சேர்கிறது. பாயின்ட் திறந்த கணத்தில் அந்தச் சக்தி சட்டென்று சரிந்து, 20,000 வோல்ட் அளவுக்கு எழும்புகிறது. ரோட்டர் அதை முறைப்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒரு விநாடிக்கு 100 பொறி. இதில் ஒன்று தவறினாலும் நம் காதுக்கு எட்டிவிடும். அதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம்.

கண்டென்சர் எதற்கு? பாயின்ட் திறக்கும்போது கரன்ட் அந்த இடைவெளியிலேயே தாவப் பார்க்கும். அப்படித் தாவாமல் உள்வாங்கிக்கொள்வது கண்டென்சர். அது கெட்டால் பொறி பாயின்ட்டிலேயே வீணாகும். பிளக்குக்குப் போய்ச் சேருவது பலமில்லாத பொறியாக இருக்கும்.

வங்கியில் மாலையில் கணக்கு இடித்தால் எல்லா லெட்ஜரையும் திறந்து கொட்ட மாட்டோம். வித்தியாசம் எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். அது 9-ஆல் வகுபட்டால், 63 என்பதை 36 என்று யாரோ மாற்றி எழுதியிருக்கக்கூடும். வித்தியாசத்தின் பாதித் தொகைக்கு ஒரு பதிவு இருந்தால், பற்றில் எழுத வேண்டியது வரவில் ஏறியிருக்கக்கூடும். பிழையின் குணமே பிழை இருக்கும் இடத்தைக் காட்டும். வண்டியிலும் அப்படித்தான். ஸ்பானரை எடுக்கும் முன் சில கேள்விகள் கேளுங்கள்.

மிஸ்ஸிங் ஒரே தாளத்தில் விடாமல் வருகிறதா? பெரும்பாலும் ஒரு சிலிண்டரில்தான் குறை: அதன் பிளக், ஒயர், இல்லையென்றால் வால்வு. தாளமில்லாமல் இங்கும் அங்குமாக வருகிறதா? நாலு சிலிண்டருக்கும் பொதுவானதைப் பாருங்கள்: காயில், பாயின்ட், கண்டென்சர், ரோட்டர், பெட்ரோல். மழை பெய்தால் மட்டும் வருகிறதா? டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பிலும் ஒயரிலும் ஈரம். மேடு ஏறும்போது மட்டும் வருகிறதா? பலவீனமான பொறி, அல்லது பிளக் இடைவெளி அதிகம். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் வெட்டுகிறதா? டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அசையும் தட்டோடு போகும் மெல்லிய ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கலாம். மேலே பார்த்தால் முழுசாகத்தான் தெரியும். சூடானால் மட்டும் வந்து, ஆறினால் சரியாகிறதா? காயில், கண்டென்சர், இல்லையென்றால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைப்பது.

நம் ஹெரால்டு இந்தக் கடைசி வகை. ஆடி சுவாதி சுந்தரர் குருபூஜைக்கு அவர் பிறந்த திருநாவலூருக்கு இந்த வண்டியிலேயே ஒருமுறை போய்வர வேண்டும், அதன்பின் விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னார். எனக்குச் சொந்த ஊர் அது என்பதால் துணைக்குப் போனேன். கள்ளக்குறிச்சியை விட்டுத் தியாகதுருகம் தாண்டும்வரை வண்டி தேனாக ஓடியது. எலவனாசூர்க்கோட்டை பக்கத்தில் விக்கத் தொடங்கியது. உளுந்தூர்பேட்டையில் நின்றே விட்டது. சாலையோர மெக்கானிக் ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, மாட்டினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. "கார்புரேட்டர்ல தூசிம்மா, சரியாயிடுச்சு" என்று பணம் வாங்கிக்கொண்டார். திருநாவலூர் எல்லையில் மறுபடியும் அதே விக்கல்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். வண்டியைச் சரிசெய்தது கார்புரேட்டர் கழுவியதா, அது ஆறிய ஒரு மணி நேரமா? சூட்டில் வரும் குறைக்கு இதுதான் ஆபத்து. நீங்கள் எந்தப் பாகத்தைத் தொட்டிருந்தாலும், அதற்குள் வண்டி ஆறிவிடும். தொட்ட பாகத்துக்குப் பெயர் கிடைத்துவிடும். அம்மா அதுவரை பிளக் நாலு, பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் கிட் என்று செலவழித்ததெல்லாம் இந்த வழியில்தான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கதை பிறந்ததிலிருந்து பழக்கம். கல்யாணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று சுந்தரரிடம் ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். ஆனால் கிழிபட்டது படி ஓலை. திருவெண்ணெய்நல்லூர் சபையில் மூல ஓலை வருகிறது. சபையார் உடனே தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறு கையெழுத்தை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சொல்கிறார்கள். கையெழுத்துச் சரிபார்க்கும் உத்தியோகத்தில் இருந்த எனக்கு அந்தச் சபையார்மேல் தனி மரியாதை உண்டு. நல்லது என்று தெரிந்த ஒன்றோடு சந்தேகத்துக்குரியதை ஒப்பிட வேண்டும். அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.

அதைத்தான் செய்தோம். வண்டி நின்றதும் ஆறவிடாமல் பார்த்தோம். ஒரு ஸ்பேர் பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் இரும்பு உடலை எஞ்சினில் படும்படி வைத்து, அம்மாவை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நல்ல பொறி நீலமாகப் பளிச்சென்று சொடுக்கும். இங்கே வந்தது மஞ்சளாக, நூல் போல. ஆகவே பெட்ரோல் ஆவி அடைப்பு இல்லை. அதுவாக இருந்தால் பொறி நன்றாக இருந்து, பெட்ரோல்தான் வந்திருக்காது. ஒரே சோதனையில் பாதி வண்டி சந்தேகப் பட்டியலிலிருந்து போய்விட்டது.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்தோம். உள்ளே விரிசலோ, பென்சில் கோடு போன்ற கருப்புத் தடமோ இல்லை. நடுவிலிருக்கும் கார்பன் குச்சி சரி. பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால் அதுவும் சரி. ஆனால் பாயின்ட்டின் முகம் கருகிக் குழிவிழுந்து, திறக்கும்போது பளீர் பளீர் என்று அங்கேயே பொறி பறந்தது. சந்தேகம் இரண்டு பேர்மேல் நின்றது: காயில், கண்டென்சர். தெரிந்தவரிடமிருந்து அம்பாசிடர் காயில் ஒன்றை வாங்கி மாட்டினோம். மாற்றமில்லை. பழைய காயிலையே திரும்ப மாட்டினோம். பிறகு பழைய கண்டென்சரைப் பிரித்துவிட்டு, வேறொன்றை வெளியிலிருந்தே இணைத்தோம். பொறி நீலமாயிற்று. கண்டென்சரையும் கருகிய பாயின்ட்டையும் சேர்த்து மாற்ற ஆன செலவு, உளுந்தூர்பேட்டையில் கார்புரேட்டர் கழுவக் கொடுத்ததில் பாதி.

உங்கள் வண்டியில் ஒரு சிலிண்டர் மட்டும் படுத்திருந்தால் வழி இன்னும் சுலபம். எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதில் ஸ்பேர் பிளக்கை மாட்டி எஞ்சினில் படவைத்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். நாலுக்கும் முறையாகச் செய்தால், எதைக் கழற்றும்போது எஞ்சின் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றுங்கள். குறை கூடவே போனால் பிளக். போகாவிட்டால் ஒயர். அதுவும் இல்லையென்றால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள்; எஞ்சினைத் திறக்கும் பேச்சு அதற்குப் பிறகுதான். கழற்றிய பிளக்கின் நிறத்தையும் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி இல்லை. எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங் அல்லது வால்வு பக்கம் தேய்மானம்.

எச்சரிக்கை சிலவும் சொல்ல வேண்டும். பெட்ரோல் வாசனை அடித்தால் பொறி சோதனையே வேண்டாம். முதலில் கசிவைத் தேடுங்கள். பழைய ரப்பர் குழாய்களுக்கு இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். வேட்டி, துண்டு, துப்பட்டாவோடு ஓடும் ஃபேன் பெல்ட் அருகே குனியாதீர்கள். மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பொறி சோதனைப் பக்கமே வர வேண்டாம்.

புதிய வண்டி வைத்திருப்பவர்கள் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். உங்கள் வண்டியில் பாயின்ட் இல்லை; கம்ப்யூட்டர் இருக்கிறது. செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும். அதன் விலை அதிகம். மெக்கானிக்கிடம் போகும்போது, "எந்த சிலிண்டர் என்று ஸ்கேனர் காட்டுகிறது? அந்தக் காயிலை அடுத்ததோடு மாற்றிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். எப்போது மிஸ்ஸிங் வந்தது, எவ்வளவு தூரம் ஓடியபின் வந்தது, ஆறியதா, என்ன மாற்றினோம், பிறகு என்ன ஆயிற்று என்று நாலு வரி எழுதினால் போதும். அம்மா இப்போது எழுதி வருகிறார். அதன்படி ஆடிக்குப் பிறகு வண்டி ஒருமுறைகூட வழியில் நிற்கவில்லை. வண்டியை விற்கப் போவதில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டார். ஆகவே பி பிளாக் தூணோரப் பார்க்கிங் காலியாகும் என்று காத்திருக்கும் அன்பர் மன்னிக்க வேண்டும்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.