வண்டியின் மேல் எழுதியிருந்தது என்ன?



பாடத்தில் ஒரு அரசியல் உருவகக் கதை வந்தால், பிள்ளைகளுக்கு அது புரிந்ததா என்று எப்படிக் கண்டறிவது? இதைப் பேசத்தான் இந்த ஏலகிரி மலைக்கு வந்தேன்.

ஜார்ஜ் ஆர்வெல் நம் பீகாரின் மோதிஹாரியில் 1903-ல் பிறந்தவர். அவருடைய 'விலங்குப் பண்ணை' 1945 ஆகஸ்டில் வெளிவந்தது. பண்ணை விலங்குகள் முதலாளியை விரட்டிவிட்டு, தங்களுக்கென்று ஏழு கட்டளைகளைச் சுவரில் எழுதிக்கொள்கின்றன. பிறகு பன்றிகளே முதலாளிகளாகிவிடுகின்றன.

இதற்கு நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி என்ன? நெப்போலியன் என்ற பன்றி யாரைக் குறிக்கிறது? சோவியத் ரஷ்யாவின் ஸ்டாலினை. ஸ்னோபால்? ட்ராட்ஸ்கியை. நோட்ஸில் இருக்கிறது, முழு மதிப்பெண். நாவலை ஒரு பக்கம்கூடப் புரட்டாத பிள்ளையும் அதை வாங்கிவிடும். அந்த வரலாறு தெரிய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தே ஆகவேண்டும். ஆனால், பெயருக்குப் பெயர் பொருத்திக் காட்டுவதைப் புரிதல் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அதைத்தான் மறுக்கிறேன்.

அந்த நாவலில் பாக்ஸர் என்றொரு குதிரை. காற்றாலை கட்டக் கல் இழுத்து இழுத்து ஒரு நாள் சுருண்டு விழுகிறது. வைத்தியத்துக்கு அனுப்புகிறோம் என்கின்றன பன்றிகள். வண்டி வருகிறது. கூட்டமே நின்று வழியனுப்புகிறது. அப்போது பெஞ்சமின் என்ற கழுதை, வண்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்கிறது. அது குதிரைகளை அறுத்து, பசை காய்ச்சி, தோல் விற்கிற ஆளுடைய வண்டி! தோல் வியாபாரம் என்றால் என்னவென்று, தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பிள்ளைகளுக்கு அடிக்குறிப்பு போட்டா விளக்க வேண்டும்?

இங்கேதான் கேள்வி பிறக்க வேண்டும். பெஞ்சமினுக்கு முதலிலிருந்தே எழுத்துத் தெரியும். நெப்போலியனின் ஆணையால் பண்ணையில் கொலைகள் நடந்த பிறகு, கொல்லக்கூடாது என்ற கட்டளையைப் படித்துக் காட்டு என்று க்ளோவர் என்ற பெண் குதிரை வந்து கேட்டபோது, அதிலெல்லாம் நான் தலையிடுவதில்லை என்று அது ஒதுங்கிவிட்டது. காரணம் இருந்தால் கொல்லலாம் என்று பொருள் வரும்படி அந்தக் கட்டளையில் அதற்குள் சொல் கூட்டப்பட்டிருந்தது. படிக்கத் தெரிந்த கழுதை ஏன் வாய் திறக்கவில்லை? பாக்ஸரின் சாவில் அதற்குப் பங்கு உண்டா? எந்த நோட்ஸிலும் இதற்கு விடை கிடைக்காது. பிள்ளை நாவலுக்குள் போய்த்தான் தேடியாக வேண்டும்.

நம் தமிழுக்கு வருவோம். தன் 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, இனி எழுதப்போவதில்லை என்று 2015 ஜனவரியில் அறிவித்தவர் பெருமாள்முருகன். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்ததுதான் அவருடைய 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. ஆட்டுக்குட்டிக்குக் காது குத்தி அரசாங்கக் கணக்கில் ஏற்ற வேண்டும் என்பதற்காக மக்கள் கால்கடுக்க வரிசையில் நிற்கிறார்கள். குரலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பேசுகிறார்கள். குட்டி கறுப்பு என்பதாலேயே அதன்மேல் சந்தேகம். இதைப் படித்த பிள்ளையிடம் போய், இது எந்தக் கட்சியைக் குறிக்கிறது என்று கேட்பது கதையைச் சிறுமைப்படுத்துவது. அந்த வரிசையில் நின்றவர்கள் எதைப் பேசினார்கள், எதை விழுங்கினார்கள், ஏன் என்று கேளுங்கள். ஆதார் முகாமிலும் ரேஷன் கடையிலும் அம்மாவோடு நின்ற பிள்ளைக்கு எழுத நிறைய இருக்கும்.

ஆசிரியர்கள் ஒரு கவலை சொல்வார்கள். இப்படிக் கேட்டால் ஆளுக்கொரு விடை எழுதுவார்களே, எப்படித் திருத்துவது? புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதச் சொல்லுங்கள். பெஞ்சமின் குற்றவாளி என்று ஒரு பிள்ளை எழுதட்டும், இல்லை என்று இன்னொரு பிள்ளை எழுதட்டும். இருவரும் நாவலிலிருந்து சான்று காட்டினால் இருவருக்கும் முழு மதிப்பெண். சான்று இல்லாத விடை உங்கள் கட்சிக்குப் பிடித்த விடையாகவே இருந்தாலும் மதிப்பெண் கிடையாது. வகுப்பறைக்குள் கட்சிச் சண்டை வராமல் காப்பதும் இந்த ஒழுங்குதான்.

இது வெறும் பரீட்சை விவகாரம் அல்ல, நண்பர்களே. தோல் ஆலைக் கழிவால் பாலாறு பாழானபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ கெட்டுவிட்டது என்ற ஆய்வு அங்கே எடுத்து வைக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. காகிதத்தில் இருப்பதைப் படித்து, பொருள் உணர்ந்து, படிக்க வாய்ப்பில்லாதவர்களுக்காகவும் எழுந்து நின்று பேசியவர்களால் வந்த தீர்ப்பு அது. அப்படிப்பட்டவர்களை உருவாக்கத்தானே பள்ளிக்கூடம் நடத்துகிறோம்?

ஆசிரியப் பெருமக்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற தேர்வுத் தாளில், யார் யாரைக் குறிக்கிறார்கள் என்ற கேள்விகளில் ஒன்றை எடுத்துவிட்டு, ஏன் என்று கேட்கும் கேள்வி ஒன்றை வையுங்கள். மாணவச் செல்வங்களே, விடை எழுதும்போது நாவலின் எந்தப் பக்கம் உங்களை அப்படி நினைக்க வைத்தது என்று மறக்காமல் எழுதுங்கள். அது உங்கள் சொந்த விடை. அதற்குக் கிடைக்கும் மதிப்பெண்ணும் உங்களுடையது.