காசில்லாத ஊரும் காலியான ஊரும்

(தொழிலாளர் படிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் மில் வாசலிலிருந்தும் வயல் வரப்பிலிருந்தும் வெகு தொலைவில் நடப்பது. "போனஸ் பிரச்னை இருக்கிறது, கூலிப் பிரச்னை இருக்கிறது, அமெரிக்காக்காரன் பாலைவனத்தில் பொம்மை கொளுத்துவதைப் பற்றி நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் போன வாரம் நம் தோழர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் எழுந்த ஒரு கேள்விக்கு நாம் உடனே பதில் சொல்ல முடியாமல் விழித்தோம். அதனால்தான் இதை இங்கே எடுத்தோம்.

அந்தத் தோழர் முப்பது வருஷம் ஸ்பின்னிங்கில் நின்றவர். மகன் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்காவில் வேலையாக இருக்கிறான். லீவில் வந்தவன், 'பர்னிங் மேன்' என்ற விழாவுக்குப் போய் வந்த கதையைச் சொன்னான். எரியும் மனிதன் என்று அர்த்தம். "ஒரு வாரம் ஒரு காசைக் கையால் தொடவில்லை, மாமா. பசித்தால் யாராவது கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறார்கள். சைக்கிள் உடைந்தால் முன்பின் தெரியாதவன் உட்கார்ந்து சரிபண்ணிக் கொடுக்கிறான். வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. நீங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிற பொதுவுடைமை அங்கே வந்தே விட்டதே!" என்றான்.

இந்த விழாவின் கதை சுருக்கமாக இதுதான். 1986ம் வருஷம் சான்பிரான்சிஸ்கோ கடற்கரையில் லாரி ஹார்வி என்பவரும் அவர் நண்பர் ஜெர்ரி ஜேம்ஸும் எட்டடி உயர மர மனிதன் ஒன்றைச் செய்து கொளுத்தினார்கள். பார்த்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். வருஷா வருஷம் கூட்டம் பெருகியது. 1990ல் கடற்கரையில் கொளுத்தக் கூடாது என்று போலீஸ் தடுத்தது. நெவாடா மாகாணத்து 'பிளாக் ராக்' பாலைவனத்துக்குப் போனார்கள். புல் பூண்டு முளைக்காத, உப்புப் பூத்த வெட்டவெளி. இப்போது எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடி, தெருவும் முச்சந்தியும் விமான இறங்குதளமும் உள்ள ஒரு நகரத்தையே எழுப்பி, ஒரு வாரம் வாழ்ந்து, கடைசியில் மர மனிதனை எரித்துவிட்டுக் கலைகிறார்கள். பிரம்மாண்டமான சிற்பங்களை மாதக்கணக்கில் செய்து கொண்டுவந்து அங்கேயே கொளுத்திவிடுவதும் உண்டு. ஹார்வி 2018ல் காலமாகிவிட்டார். அவர் 2004ல் எழுதிய பத்துக் கொள்கைகள்தான் அங்கே சட்டம். கொடு, விலை பேசாதே. வேடிக்கை பார்க்காதே, கலந்துகொள். போகும்போது ஒரு குப்பைகூட விடாதே என்பவை அவற்றில் சில. உள்ளே பெயருக்கு ஐஸ் மட்டும் விற்பார்கள். பாலைவனத்து வெயிலுக்கு அது வேண்டியிருக்கிறது.

பணக்காரப் பிள்ளைகளின் கூத்து என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடத்தான் முதலில் நமக்கும் தோன்றியது. அப்படித் தள்ள முடியவில்லை. அந்தப் பையன் சொன்ன ஒரு விஷயம் நம்மை நிறுத்தியது. 2000ம் வருஷம் முதல் அங்கே மரத்தில் ஒரு கோயில் கட்டுகிறார்கள். அதில் சாமி இல்லை. செத்துப்போன தாயின் பெயர், பிள்ளையின் பெயர், சொல்லாமல் விட்ட மன்னிப்பு என்று ஜனங்கள் சுவரெல்லாம் எழுதி வைக்கிறார்கள். அதையும் எரிக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சத்தமில்லாமல் நின்று அழுகிறார்களாம். கேளிக்கைக்காக மட்டும் கூடுகிற கூட்டம் இப்படி நிற்காது. எதையெடுத்தாலும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிற நாட்டில், விலையில்லாத ஒரு வாரத்துக்கு மனிதர்கள் ஏங்குகிறார்கள். அந்த ஏக்கத்தைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை.

ஆனால் பையன் பேசி முடித்ததும் அவன் அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "அதெல்லாம் சரி கண்ணு. எழுபதாயிரம் பேருக்குக் கக்கூஸ் அள்ளினது யாரு?"

"அதுக்குக் காண்ட்ராக்ட் கம்பெனி ஆளுங்க லாரியில வருவாங்கப்பா."

"சம்பளத்துக்கா, சும்மாவா?"

"சம்பளத்துக்குத்தான்."

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. நாம் அரை மணி நேரம் பேசியும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டோம்.

வாசலுக்கு வருவோம். 2023ல் ஒரு நுழைவுச் சீட்டின் விலை 575 டாலர். வண்டிக்குத் தனிச் சீட்டு. அமெரிக்க மத்திய சர்க்கார் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏழேகால் டாலர். 2009க்குப் பிறகு அதைக் காற்காசு உயர்த்தவில்லை. கணக்குப் போடுங்கள். அந்தக் கூலிக்காரன் எண்பது மணி நேரம், அதாவது இரண்டு வாரம், சோறு தண்ணீர் இல்லாமல் உழைத்துச் சேர்த்தால் ஒரு சீட்டு. தனியார் முதலாளி சம்பளத்தோடு லீவு தரவேண்டும் என்ற மத்தியச் சட்டமும் அங்கே கிடையாது. வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகைச் சீட்டு கொஞ்சம் வைத்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் ஒரு வார லீவுக்கு எங்கே போவான்?

யாருக்கு லீவு பிரச்னையே இல்லையோ அவர்கள் வந்தார்கள். 1998லேயே கூகுள் கம்பெனியை ஆரம்பித்த இருவரும் இந்த விழாவுக்குப் போனார்கள். பின்னால் பெருந்தனக்காரர்கள் குளிர்சாதன வண்டி, சமையல்காரர், எடுபிடி சகிதம் கூடாரம் அடித்தார்கள். கொடுத்து வாழும் ஊரிலே கூலிக்கு ஆள் வைத்து எச்சில் தட்டு எடுக்கச் சொன்னார்கள்! அங்கே வருகிற சாதாரண ஜனங்களுக்கே இது பொறுக்கவில்லை. 2016ல் அப்படியொரு கூடாரத்தின் மின்சார வயரை யாரோ அறுத்தார்கள். கதவுகளைப் பசை போட்டு ஒட்டினார்கள். 2019ல் நிர்வாகமே ஒரு பணக்காரக் கூடாரத்தை வரவேண்டாம் என்று சொல்லவேண்டி வந்தது. வரி கூடாது என்பதையே பிழைப்பாகக் கொண்ட குரோவர் நார்க்விஸ்ட் என்ற வலதுசாரிப் பேர்வழி 2014ல் போய்வந்து, விழாவை மெச்சி எழுதினார். அவர் மெச்சுகிற பொதுவுடைமை எப்படிப்பட்டது என்று நீங்களே யோசியுங்கள்.

விழா முடிகிற நாளையும் கவனிக்க வேண்டும். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை; அமெரிக்காவின் 'தொழிலாளர் தினம்'. சிகாகோ தொழிலாளி ரத்தம் சிந்திய மே தினத்தை அந்நாட்டு ஆளும் வர்க்கம் ஏற்கவில்லை. 1894ல் புல்மன் ரயில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே ஜனாதிபதி கிளீவ்லண்ட் இந்தச் செப்டம்பர் லீவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சில நாளில் அந்த வேலைநிறுத்தத்தை நொறுக்கப் பட்டாளத்தை அனுப்பினார்.

2023ல் அந்தப் பாலைவனத்தில் மழை கொட்டியது. மண் பசையாகிவிட்டது. பாதையை மூடிவிட்டு, இருக்கும் உணவையும் தண்ணீரையும் சிக்கனமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிரபல நடிகர்கள் சேற்றில் மைல்கணக்கில் நடந்து வெளியேறிய செய்தியைப் படித்து உலகமே சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அங்கேயே தங்கிவிட்ட பல்லாயிரம் பேர் உணவைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஈரத்தில் நின்றவனைத் தம் கூடாரத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். தள்ளிப்போட்ட மர மனிதனைத் திங்கள் இரவு எரித்தார்கள். சீட்டு வாங்கிப் போன கூட்டம்தான். ஆனாலும் அந்த மூன்று நாளில் அவர்கள் செய்தது பொய்யல்ல.

நம் ஆசான்கள் இப்படிப்பட்ட முயற்சிகளை எப்படிப் பார்த்தார்கள்? ராபர்ட் ஓவன் ஒரு பஞ்சாலை நிர்வாகி. 1825ல் அதே அமெரிக்காவில், இந்தியானாவில், 'புதிய இசைவு' என்ற பொருள்படும் பெயரில் ஒரு கூட்டு வாழ்வு ஊரை ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் உடைந்தது. அவர் வழி உதவாது என்று எங்கெல்ஸ் விளக்கினார். விளக்கும்போது மரியாதையோடுதான் பேசினார். ஓவனாவது மனிதன் வருஷம் முழுவதும் எப்படி உழைத்து உண்பது என்று யோசித்தார். இந்த விழாக்காரர்கள் ஒரு வாரத்துக்கு மேல் யோசிக்கவில்லை. உண்பதற்கு வேண்டியது அத்தனையும் வெளிச்சந்தையில் காசு கொடுத்து வாங்கி, வண்டியில் ஏற்றி வந்தது.

கடைசியாக ஒரு ஊரைப் பற்றிச் சொல்கிறோம். விழாவுக்குப் போகும் அதே சாலையில், ஜெர்லாக் என்ற சிற்றூருக்குச் சற்று முன்னால், எம்பயர் என்று ஒரு கம்பெனி ஊர் இருந்தது. ஜிப்சம் வெட்டி, வீட்டுச் சுவருக்குப் பலகை செய்யும் தொழிலாளர் ஊர். வீடு, தெரு, மரம் எல்லாம் யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் கம்பெனிக்குச் சொந்தம். 2008க்குப் பிறகு வீடு கட்டும் தொழில் சரிந்தது. 2011 ஜனவரி கடைசியில் ஆலையை மூடினார்கள். 95 பேருக்கு வேலை போயிற்று. பிள்ளைகளின் பள்ளிக்கூட வருஷம் முடியும்வரை இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லி, ஜூனோடு குடும்பங்களை வெளியேற்றி, ஊரைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். அந்த ஊரின் தபால் குறியீட்டு எண்ணைக்கூட ரத்துச் செய்துவிட்டார்கள். அதே 2011ல்தான் அந்த விழாவின் சீட்டுகள் முதன்முதலாக முழுவதும் விற்றுத் தீர்ந்தன. ஐம்பதாயிரம் பேர் அந்த வேலியைத் தாண்டிப் போனார்கள், காசில்லாத ஊருக்கு! 2016ல் வேறொரு கம்பெனி இடத்தை வாங்கியது. கலைந்த குடும்பங்கள் கலைந்ததுதான்.

இதைப் பையனிடம் சொன்னோம். "அந்த வழியாகத்தான் போனேன் மாமா. வேலி ஒன்று பார்த்த ஞாபகம். என்ன ஊர் என்று கேட்கவில்லை" என்றான். பொய் சொல்லாமல் சொன்னான். அடுத்த மாதம் திரும்பிப் போகிறான். விழாவுக்கும் மறுபடி போவேன் என்கிறான். போகட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போகிற வழியில் எம்பயரில் இறங்கி, அங்கே இப்போது யார் வேலை செய்கிறார்கள், என்ன கூலி, சங்கம் இருக்கிறதா என்று விசாரித்து அப்பாவுக்கு எழுதச் சொல்லியிருக்கிறோம். கடிதம் வந்தால் இதே கூட்டத்தில் படிப்போம்.