ஆய்வு நூலும் திறந்த அணுக்கமும்

(வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவியரங்கிற்கு முன்னர் நிகழும் பொழிவு எத்துணைச் சுருங்குகிறதோ அத்துணை நன்று என்பதை அறிவேன். ஆதலின் நேரே பொருளுக்கு வருகிறேன்.

சங்க நூல்கள் ஏட்டிலிருந்து அச்சிற்கு வந்த வரலாற்றை ஆராய்ந்து ஏவா வில்டன் அம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய நூலை, 2014ஆம் ஆண்டில் செருமனியின் தெ குரோய்த்தர் பதிப்பகம் வெளியிட்டது. ஆம்பர்க்குப் பல்கலைக்கழகத்தின் சுவடிப் பண்பாட்டு ஆய்வு நூல்வரிசையைச் சேர்ந்தது அது. அச்சுப்படியின் விலையை நம் கல்லூரி நூலகங்கள் தாங்கமாட்டா. எனினும் அதே நூலின் மின்படி எவருக்கும் விலையின்றித் திறந்து கிடக்கிறது. பொத்தேரி நிலையத்தில் தொடர்வண்டிக்குக் காத்திருக்கும் நம் மாணவி அதைக் கைப்பேசியிலேயே படித்துவிடலாம். இம்முறையைத்தான் திறந்த அணுக்கம் என்கிறோம்.

அதே மாணவி, சங்க இலக்கியம் பற்றித் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் தமிழில் எழுதிய ஆய்வு நூலைத் தேடுகிறாள் என்று கொள்வோம். கடைகளில் இல்லை, மறுபதிப்பும் இல்லை. எழும்பூரில் இறங்கிக் கன்னிமரா நூலகத்திற்குச் சென்று, அங்கே அமர்ந்து குறிப்பெடுத்துத் திரும்ப வேண்டும். செய்யூரிலிருந்தோ திருக்கழுக்குன்றத்திலிருந்தோ வருபவளுக்கு ஒரு நாள் முழுதும் போய்விடும். நம் ஏடுகளைப் பற்றி ஆம்பர்க்கில் எழுதப்பெற்றது கைக்கெட்டுகிறது. நம்மவர் எழுதியது எட்டவில்லை.

முயற்சியே இல்லை என்று கூறுதல் நன்றி மறத்தலாகும். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் தோன்றித் தமிழ் இணையக் கல்விக்கழகமாக வளர்ந்த நிறுவனமும், ஈழத்து நூல்களைக் காக்கும் நூலகம் திட்டமும் செய்துள்ள பணி அளப்பரியது. ஆயினும் உரிமைக்காலம் முடிந்த நூல்களுக்கும் நாட்டுடைமையான நூல்களுக்கும்தான் அவ்வழி எளிது. நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே உரிமைக்காலம் முடிகிறது. 1980இல் மறைந்த ஒருவரின் ஆய்வு நூல் 2040 வரை பூட்டிய பெட்டிக்குள் இருக்கும்.

இன்னொரு முரணும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் யாவரும் காண வைக்கப்படுகின்றன. வாய்மொழித் தேர்விற்குப் பின் நாம் ஆண்டுக்கணக்கில் திருத்தி, பிழை நீக்கி, நூலாக்குகிறோம். திருந்தாத வடிவம் உலகெங்கும் உலவ, திருந்திய வடிவமோ முந்நூறு படிகளோடு அடங்கிப்போகிறது. அம்முந்நூறில் ஒரு பகுதி நம் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது என்பது இங்குள்ள பலருக்கும் தெரியும்.

பதிப்பாளர்மேல் பழி போடுவது எளிது. நான் அதற்கு உடன்படேன். ஆய்வு நூலை அச்சிட்டுச் செல்வரான பதிப்பாளர் எவரையும் நான் கண்டதில்லை. நாம் நம் உரிமையை அறியாதிருப்பதே முதன்மையான தடை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுவதைக் கேளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருத்தல் வேண்டும், கையொப்பமும் வேண்டும். காலவரை குறிக்கப்படாவிடில் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். தமிழ்ப் பேராசிரியருள் எத்தனை பேர் பதிப்பாளரோடு ஒப்பந்தம் எழுதியிருக்கிறோம்? பெரும்பாலும் வாய்ச்சொல்தான். அவ்வாறாயின் நூலின் உரிமை இன்றும் நம்மிடமே உள்ளது. பல்கலைக்கழகம் தானே பொருள் கொடுத்து எழுதுவித்த நூல்களின் நிலை வேறு. அவற்றிற்கு அந்நிறுவனத்தின் இசைவு வேண்டும்.

ஆகவே பழைய நூலை உடையவர்கள் அதனை மின்படியாக்கிக் கிரியேட்டிவ் காமன்ஸ் எனப்படும் படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் வெளியிடலாம். பெயர் சுட்டுதல் கட்டாயம். வணிகப் பயன்பாடு கூடாது என்றும் விதிக்கலாம். புதிதாக எழுதுவோர், அச்சுரிமை மட்டும் பதிப்பாளர்க்கு, ஈராண்டு கழித்து மின்படி யாவர்க்கும் என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தால் போதும். மேலைநாட்டுப் பெரும் பதிப்பகங்கள் இதற்கெனப் பல்லாயிரம் பவுண்டு கட்டணம் கேட்கின்றன. அது நமக்கு ஒத்துவராது, தேவையுமன்று.

கணினி அச்சகத்திலிருந்து கோப்பைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய எழுத்துருக்களில் அமைந்த பேஜ்மேக்கர்க் கோப்புகள் பல, அச்சுக்கோத்தவரின் கணினியோடு மறைந்தன. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் உள்ள நூலிலேதான் ஒரு சொல்லைத் தேடிக் கண்டடைய இயலும். ஆய்வாளனுக்கு அதுவே பாதி உழைப்பை மிச்சமாக்கும்.

கவிஞர் பெருமக்கள் கேட்கலாம்: எங்கள் தொகுப்பையும் விலையின்றித் தரவேண்டுமா? அவ்வாறு நான் கூறேன். ஆய்வாளருக்கு மாதச் சம்பளம் உண்டு. அதிலும் பெரும்பகுதி மக்கள் வரிப்பணம். கவிஞருக்கு அவ்வாறு எவரும் தருவதில்லை. அவரவர் நூல், அவரவர் விருப்பம். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று.

இவ்விழா மலர் ஒருங்குறியிலேயே கோக்கப்படுவதாகச் செயலாளர் கூறினார். என் உரையைத் திறந்த அணுக்கத்தில் வைக்க இசைவுக் கடிதம் எழுதி அவரிடம் கொடுத்துள்ளேன். கட்டுரை தந்த பிற பேராசிரியர்களுக்கான படிவங்கள் வாயில் மேசையில் இருக்கின்றன. கவிதைகளுக்குத் தனிப்படிவம் உண்டு. அதில் ‘இல்லை’ என்று எழுதவும் இடம் விட்டிருக்கிறோம்.