வாரம் ஒரு பக்கம்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் செய்த பணிகளை எமக்கு முன் பேசியோர் விரிவாக எடுத்துரைத்தனர். நாம் பேச எடுத்துக்கொண்டது சிறியதொரு பொருள். வீட்டிலிருந்தே படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் நடத்திவரும் எழுத்துப் பயிற்சியும் இலக்கணப் பாடமுமே அப்பொருள்.

இவ்வகுப்பு தோன்றிய காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1 அன்றுதான். இடையில் கழிந்தவை பத்தொன்பது மாதங்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன. ஆனால் ஓர் அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில், பாடத்தைக் கேட்கலாம்; எழுதியதைத் திருத்துவார் எவர்? எழுதத் தெரிந்த பிள்ளையும் எழுத்துக் கூட்டும் நிலைக்கு இறங்கியதைக் கண்ணாரக் கண்டோம். 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியபோது, நம் தெருப் பெண்களும் தன்னார்வலர்களாக முன்வந்து மாலை நேரங்களில் கற்பித்தனர். அவர்களுக்குத் துணையாகவே ஞாயிறு வகுப்பைத் தொடங்கினோம்.

பள்ளிகள் திறந்த பின்னும் சில பிள்ளைகள் திரும்பவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி எடுக்கவும் வெங்காயம் அறுக்கவும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி பொறுக்கவும் பெற்றோர் போக, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்ட பெண்பிள்ளைகளே மிகுதி. அவர்களைப் பள்ளியில் மீண்டும் சேர்ப்பதே நம் முதற்கடமை. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி உரிமை என 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஞாயிறு வகுப்பு பள்ளிக்கு ஈடாகாது. ஆயினும் வயது கடந்தோர் எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். அத்தகையோர்க்கு இவ்வகுப்பே துணையாயிற்று.

எழுத்தின் அருமையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கி, 1914இல் மறையும்வரை அதில் எழுதிவந்தார். நமக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் பள்ளி கண்டார். நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதே ஏட்டில் நின்ற காலத்தில், நம் கையால் நாம் எழுதவேண்டும் எனத் துணிந்தவர்கள் அவர்கள்.

தொடக்கத்தில் எங்கள் பக்கமும் பிழை இருந்தது. பெயர்ச்சொல் எத்தனை வகைப்படும், அவை யாவை என்று ஒப்பிக்கச் செய்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டனர். பின்னரே முறையை மாற்றினோம். முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதவேண்டும். எங்கள் ஏரி, சோளக் கொல்லை, சிமெண்டு ஆலைக்குச் செல்லும் லாரிகள் என அவர்கள் கண்டறிந்தவையே தலைப்புகள். அடுத்த ஒரு மணி நேரம், அப்பக்கங்களிலிருந்து ஒரு தொடரைக் கரும்பலகையில் எழுதி, அதற்குரிய இலக்கணத்தை மட்டும் கற்பிப்போம். 'கீரை கடை' என்றால் கீரையைக் கடையச் சொல்வது. 'கீரைக் கடை' என்றால் கீரை விற்கும் கடை. இதைத் தம் நோட்டிலேயே கண்ட பிள்ளை வல்லினம் மிகுமிடத்தை மறப்பதில்லை.

ஒரு ஞாயிறன்று நிகழ்ந்ததை இங்கே கூறியாக வேண்டும். 'எங்கள் ஊர்ப் பெரியவர்கள்' என்பது தலைப்பு. ஒரு சிறுவன் நிலக்கிழார் ஒருவரைப் பற்றி, 'அவர் வந்தார், அமர்ந்தார்' என்று எழுதியிருந்தான். அடுத்த பத்தியில், எழுபது வயதைக் கடந்த தன் தாத்தாவைப் பற்றி, 'அவன் வந்தான், நின்றான்' என்று எழுதியிருந்தான். வீட்டில் அவன் தாத்தாவை அப்படி அழைப்பவன் அல்லன். பெரியவர்களைப் பற்றி எழுது என்றதும், ஊரார் அம்முதியவரை அழைக்கக் கேட்ட சொல்லே ஏட்டுக்குரிய சொல் என எண்ணிவிட்டான். எங்களுக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை.

அவனைக் கடியாது, பால் வழுவமைதியை அன்று பாடமாக நடத்தினோம். 'வந்தார்' என்பது பலர்பால் வினைமுற்று. ஒருவரைப் பன்மையால் சுட்டும் உயர்வு வழக்கைத் தொல்காப்பியமே ஏற்றுள்ளது. அவ்வுயர்வு இன்னாருக்கு உண்டு, இன்னாருக்கு இல்லை என்று எந்த இலக்கணமும் விதிக்கவில்லை. பிள்ளைகள் அனைவரும் தத்தம் தாத்தா, பாட்டியைப் பற்றி 'ஆர்' விகுதியிட்டுப் புதிதாக ஒரு பக்கம் எழுதினர். அதை வீட்டில் படித்துக்காட்டச் சொல்லி அனுப்பினோம்.

மற்றொரு பாடம் செயப்பாட்டுவினை. 'எங்கள் பாதை அடைக்கப்பட்டது' என்று ஒரு பெண் எழுதினாள். யாரால் என்று கேட்டோம். மூன்றாம் வேற்றுமை 'ஆல்' உருபோடு வரவேண்டிய வினைமுதல் அத்தொடரில் இல்லை. இலக்கணப்படி அது பிழையன்று. ஆயினும் செய்தவர் மறைந்துகொள்ள அத்தொடரில் இடமிருக்கிறது. வினைமுதலைக் கண்டுபிடி என்னும் சிறுபயிற்சி, பொறுப்பாளியைக் கண்டுபிடி என்பதாகவும் விளங்கியது.

அப்பெண்ணே பின்னர்த் தன் தாயாருக்காக, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்க மனு எழுதினாள். முன்பெல்லாம் எழுதித் தருபவருக்குக் காசு கொடுப்போம். அவர் கருணை, காலடி என்று எழுதுவதில் ஒப்பமோ கைநாட்டோ இடுவோம். அவள் எழுதியது ஒரே பக்கம். என்ன நடந்தது, எங்கே, எந்நாளில், யாரால், வேண்டுவது யாது என ஐந்தும் அதில் இருந்தன. கெஞ்சும் சொல் ஒன்றும் இல்லை. தாயார் அதை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, ஒரு தேதியைத் திருத்திய பிறகே ஒப்பமிட்டார்.

கைப்பேசியில் பேசினாலே எழுத்தாகிவிடும் இக்காலத்தில் இலக்கணம் எதற்கு என்று நம் இளைஞர் சிலர் கேட்கின்றனர். கருவி எழுத்தைத் தரும். தாத்தாவை 'அவர்' என்பதா, 'அவன்' என்பதா, பாதையை அடைத்தவரைக் கூறுவதா, மறைப்பதா என்பதை எழுதுபவரே முடிவு செய்யவேண்டும்.

சங்கத்திடம் நாம் வேண்டுவன மூன்று. ஒவ்வொரு காலனியிலும் விளக்குள்ள ஓர் அறை ஞாயிறுதோறும் திறந்திருக்கட்டும். பட்டம் பெற்ற நம் இளைஞர் வாரத்தில் இரண்டு மணி நேரம் தரட்டும். பெற்றோர், படிக்கத் தெரியாவிடினும், பிள்ளை எழுதிய பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

அண்ணல் அம்பேத்கர் வழியில் கற்போம், ஒன்றுபடுவோம்!