ஓட்டத்துக்கு ஒரு கணக்கு



கந்தளாய்க் குளக்கட்டில் விடியற்காலையில் ஓடிப் பழகும் நம் இளைஞர் சிலர், கைத்தொலைபேசியில் வேகக் கணிப்பானைப் பார்த்துவிட்டே மரதனுக்குப் பெயர் கொடுக்கின்றனர். அத்தகைய கணிப்பான்கள் பலவற்றுக்கு அடிப்படை, பீற்றர் ரீகல் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1977இல் வெளியிட்ட சூத்திரமாகும். தூரம் இருமடங்கானால் நேரம் ஏறத்தாழ 2.085 மடங்காகும் என்பது அவர் கணக்கு. 5 கிலோமீற்றரை 25 நிமிடத்தில் ஓடுபவர் 10 கிலோமீற்றரை 52 நிமிடமளவில் முடிப்பார். இதுவரை நம்பலாம்.

அதே கணக்கு, 42.195 கிலோமீற்றர் மரதனுக்கு நான்கு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். இங்கேதான் ஆபத்து! நெடுந்தூரம் பழகாத கால்களையும், கச்சான் வீசும் மாதங்களின் வெக்கையையும் அச்சூத்திரம் அறியாது. அதை நம்பி விரைந்து புறப்பட்டவன் பாதிவழியில் சுருண்டு விழுந்தால், கணிப்பானா தூக்கிவரும்? பெரியோர்கள் சிரிக்கிறீர்கள், பிள்ளையைப் பெற்றவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

பயிற்சியிற் பெரும்பகுதி, பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவோட்டமாக இருக்கட்டும். 5 கிலோமீற்றர் ஓடிய நேரத்தைக் குறித்துக்கொண்டு எம்மிடம் வாருங்கள். கணக்குப் போட்டுத் தருவோம். அதனோடு எத்தனை நிமிடம் கூட்டவேண்டும் என்பதை, நீங்கள் ஓடிய நெடுந்தூரங்களைக் கேட்ட பின்னரே சொல்வோம்.